“அந்த மூணு கோடு பட்டன்”: திரையில் இருப்பதை வாடிக்கையாளருக்கும் ஏஐ உதவியாளருக்கும் எப்படிக் குறிப்பிட்டுச் சொல்வது?

பில்_மேசை கேட்டது:

வணக்கம். உலாவியில் ஓடும் ஒரு பில்லிங் மென்பொருளுக்கு வாடிக்கையாளர் உதவி பார்க்கிறேன். ஊர் கோவை. ஹார்டுவேர் கடை, மெடிக்கல், ஜவுளிக்கடை, பெயிண்ட் கடை என்று பெரும்பாலும் சிறு கடைக்காரர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். சிலர் கல்லாவில் இருக்கும் கணினியில் பில் போடுகிறார்கள், சிலர் செல்போனிலேயே எல்லாம் முடித்துவிடுகிறார்கள். திரையைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம், ஆங்கிலத்திலும் வைத்துக்கொள்ளலாம்.

போனில் ஒருவருக்கு வழி சொல்லும்போது, நான் எதைச் சொல்கிறேன் என்பதை அவரிடம் கொண்டு சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. “மூணு கோடு தட்டுங்க” என்றால் “எந்த மூணு கோடு?” என்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான். எங்கள் பில் பக்கத்தில் இடது மேல் மூலையில் மெனுவுக்கு மூன்று கோடு இருக்கிறது. அதே பக்கத்தில் ஒவ்வொரு பொருளின் வரிசையிலும், பொருளை மேலே கீழே இழுத்து நகர்த்துவதற்கு இன்னொரு மூன்று கோடு இருக்கிறது. பத்துப் பொருள் இருந்தால் திரையில் பதினோரு மூன்று கோடு.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பக்கத்தின் ஓரத்தில் ஒரு ஏஐ உதவியாளரை வைத்திருக்கிறார்கள். நாங்கள் எழுதிய உதவிப் பக்கங்களைப் படித்துத்தான் அது பதில் சொல்கிறது. “வலது மேல் மூலையில் உள்ள நீலப் பட்டனை அழுத்துங்கள்” என்கிறது. கணினியில் அது சரி. செல்போனில் அந்தப் பட்டன் கீழே போய்விடும். கடைக்காரர் தேடிப் பார்த்துவிட்டு, கடைசியில் எங்களைத்தான் கூப்பிடுகிறார்.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். “சேமி பட்டன் வேலை செய்யவில்லை” என்று டிக்கெட் (பிழை அறிக்கை) எழுதி அனுப்புகிறோம். டெவலப்பர் அதை அப்படியே தன் ஏஐ கோடிங் உதவியாளரிடம் கொடுக்கிறார். பக்கத்தில் பில்லுக்கு ஒரு சேமி, வாடிக்கையாளர் முகவரிக்கு ஒரு சேமி, பொருளைத் திருத்தும் இடத்தில் ஒரு சேமி. அது வேறொரு சேமியைத் திருத்தி வைத்துவிட்டு “முடிந்தது” என்கிறது.

திரையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து ஒரு பட்டியல் போடலாமா என்று யோசிக்கிறேன். கடைக்காரருக்கும் எனக்கும் டெவலப்பருக்கும் ஏஐக்கும் பொதுவாக ஒரே பெயர் இருக்க வேண்டும். இதை யாராவது ஒழுங்காகச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

---

முன்புறத்தான்:

டெவலப்பர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். டிக்கெட்டில் எனக்கு முதலில் வேண்டியது பக்கத்தின் முகவரியும், கணினியா செல்போனா என்பதும், திரை எந்த மொழியில் இருந்தது என்பதும்தான். இந்த மூன்றும் இல்லாமல் பட்டனைப் பற்றி எவ்வளவு விவரித்தாலும் நான் வேறு திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

குரோமில் ஒரு பட்டன் மேல் வலது கிளிக் செய்து, ஆய்வுப் பலகையைத் திறந்து, பக்கத்தின் குறியீட்டில் அது இருக்கும் இடத்தைக் காட்டும் செலக்டரைப் பிரதி எடுத்து அனுப்பலாம் என்று சிலர் சொல்வார்கள். அன்றைய தேதிக்கு அது உதவும். ஆனால் நம்பி வைத்துக்கொள்ள முடியாது. பக்கம் செய்ய உதவும் இன்றைய கட்டமைப்புகள் பலவற்றில், செலக்டரில் வரும் கிளாஸ் என்ற உள் பெயர்களைக் கருவியே உருவாக்குகிறது, அடுத்த வெளியீட்டில் அவை மாறிவிடும். “மூன்றாவது பெட்டிக்குள் இரண்டாவது பட்டன்” என்று வரும் பாதை, நடுவில் ஒரு அறிவிப்புப் பட்டை சேர்ந்தாலே தவறிப்போகும்.

தானியங்கிச் சோதனை எழுதுபவர்கள் இந்தப் பிரச்சினையை முன்பே சந்தித்துவிட்டார்கள். உலாவியைத் தானாக இயக்கிச் சோதிக்கும் பிளேரைட் மாதிரிக் கருவிகள் பரிந்துரைப்பது, பயனர் எதைப் பார்க்கிறாரோ அதை வைத்தே பிடிப்பதைத்தான். அது என்ன வகை, அதன் பெயர் என்ன. “பட்டன், பெயர் சேமி”. அதே பெயரில் பல இருந்தால் எதற்குள் இருப்பது என்று சேர்க்க வேண்டும். “‘முகவரி’ உரையாடல் பெட்டிக்குள், பட்டன், பெயர் சேமி”. இந்த வடிவத்தில் டிக்கெட் வந்தால் எனக்கும் புரியும், என் ஏஐ உதவியாளரும் தடுமாறாது. உலாவியை இயக்கும் ஏஐ கருவிகளில் சில திரையின் படத்தைப் பார்த்துப் புள்ளி கணக்கிட்டுக் கிளிக் செய்கின்றன. ஏஐயைப் பிளேரைட்டோடு இணைக்கும் எம்சிபி சர்வர் வழக்கமாக அப்படிச் செய்வதில்லை. பக்கத்தின் அணுகல் மரத்தை, அதாவது பார்வையற்றோர் பயன்படுத்தும் மென்பொருள்களுக்காக உலாவி தயாரிக்கும் உறுப்புப் பட்டியலை, எழுத்தாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தற்காலிகமாக ஒரு எண் போட்டு ஏஐ மாடலிடம் கொடுக்கிறது. மாடல் அந்த எண்ணைச் சொல்லித்தான் “இதை அழுத்து” என்கிறது.

பட்டியல் போடும் யோசனை நல்லதுதான். ஆனால் தனி எக்செல் கோப்பாகப் போட்டால் இரண்டு மாதத்தில் பழசாகிவிடும். பெயர் பக்கத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

---

செவிவழி:

மேலே அவர் சொன்ன அணுகல் மரத்தில்தான் நான் அன்றாடம் வேலை செய்கிறேன். எனக்குப் பார்வை இல்லை. திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பானை வைத்து இணையதளங்களைச் சோதிப்பது என் தொழில். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லத் தோன்றுகிறது.

என் காதில் உங்கள் பில் பக்கம் எப்படி விழும் என்று சொல்கிறேன். பி எழுத்தைத் தட்டினால் அடுத்த பட்டனுக்குப் போவேன். எச் தட்டினால் அடுத்த தலைப்பு. டி (D) தட்டினால் பக்கத்தின் அடுத்த பகுதி. என்விடிஏ விசையோடு எஃப்7 அழுத்தினால் பக்கத்தில் உள்ள இணைப்புகள், தலைப்புகள், பட்டன்கள் எல்லாம் பட்டியலாக வரும். ஒழுங்காக எழுதிய பக்கத்தில் “சேமி, பட்டன்”, “ஜிஎஸ்டி சேர்க்கவும், டிக் பெட்டி, டிக் செய்யப்பட்டது” என்று கேட்கும். பெயர், வகை, நிலை. எனக்கு இந்த மூன்றும் போதும். ஒழுங்கில்லாத பக்கத்தில் “பட்டன். பட்டன். பட்டன்.” என்று மட்டும் கேட்கும். உங்கள் பதினோரு மூன்று கோட்டுக்கும் பெயர் வைக்கவில்லை என்றால் எனக்கு அப்படித்தான் கேட்கும். அந்த மரத்தைப் படிக்கும் ஏஐக்கும் பெயரில்லாத பதினோரு பட்டன்கள்தான் கிடைக்கும். அது எதைச் சொல்லி அழைக்கும்? “மேல் மூலையில் உள்ளது” என்றுதான் சொல்லியாக வேண்டும்.

ஆக, நீங்கள் தேடும் பொதுப் பெயருக்கு ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது. பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லிலும், அணுகலுக்காக அதோடு சேரும் ஏரியா (ARIA) என்ற தரத்திலும் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வகையும் ஒரு பெயரும் உண்டு. ஏரியாவின் முதல் பதிப்பை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2014-இல் பரிந்துரையாக வெளியிட்டது. பட்டன், இணைப்பு, டேப், டிக் பெட்டி, உரையாடல் பெட்டி என்ற வகைகளெல்லாம் அதில் வரையறுக்கப்பட்டவை. நீங்களாகப் புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. இருக்கும் இடத்தை நிரப்பினால் போதும்.

“வலது மேல் மூலை நீலப் பட்டன்” பற்றி ஒரு வார்த்தை. 2008-இல் வந்த இணைய அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.0-விலேயே இதற்கு விதி இருக்கிறது. வடிவம், அளவு, இருக்கும் இடம் போன்ற புலன் அடையாளங்களை மட்டுமே வைத்து வழி சொல்லக்கூடாது. நிறத்துக்கும் அதே மாதிரி தனி விதி உண்டு. “மட்டுமே” என்பதைக் கவனியுங்கள். இடம் சொல்வது தப்பில்லை, பார்வை உள்ளவருக்கு அது பெரிய உதவி. ஆனால் பெயர் முதலில் வர வேண்டும். “‘பில் சேமி’ பட்டன், கணினியில் மேலே வலப்பக்கம், செல்போனில் அடியில்” என்றால் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

இரண்டு மொழித் திரை என்று எழுதியிருந்தீர்கள். அங்கே ஒரு குழி இருக்கிறது, நான் சோதித்த பல தமிழ்த் தளங்களில் அதைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியும் எழுத்தை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு, உள்ளே இருக்கும் ஏரியா-லேபிளை, அதாவது திரைவாசிப்பான் படிக்கும் பெயரை, அப்படியே விட்டுவிடுவார்கள். திரையில் “சேமி” என்று இருக்கும். எனக்கு “சப்மிட் ஃபார்ம், பட்டன்” என்று கேட்கும். நான் கடையில் பக்கத்தில் இருப்பவரிடம் “சப்மிட் ஃபார்ம் எங்கே இருக்கு?” என்று கேட்டால் அப்படி ஒன்று திரையிலேயே இல்லை என்பார். ஏஐயும் அந்த மரத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் “சப்மிட் ஃபார்ம் பட்டனை அழுத்துங்கள்” என்றே சொல்லும். குரலால் கணினியை இயக்குபவர் “சேமி” என்று சொன்னால் எதுவும் அசையாது, ஏனென்றால் உள்ளே அந்தப் பெயரே கிடையாது. இதற்காகவே 2018-இல் டபிள்யூசிஏஜி 2.1-இல் 2.5.3 என்ற விதியைச் சேர்த்தார்கள். கண்ணுக்குத் தெரியும் எழுத்து, உள்ளே இருக்கும் பெயரிலும் இருந்தாக வேண்டும். மிக அடிப்படையான ஏ நிலையிலேயே இது கட்டாயம்.

ஒரே பெயரில் பல பட்டன்கள் இருந்தால் எதற்கான பட்டன் என்பதைப் பெயரோடு சேருங்கள், ஆனால் தெரியும் எழுத்து முன்னால் வரட்டும். வரிசையில் “நீக்கு” என்று தெரிந்தால் உள்ளே “நீக்கு, சிமென்ட் 50 கிலோ” என்று இருக்கலாம். “சிமென்ட் 50 கிலோவை அகற்று” என்று வைத்தால் தெரியும் எழுத்தே பெயரில் இல்லாமல் போய்விடும்.

இழுக்கும் மூன்று கோட்டுக்கு “வரிசையை நகர்த்து, சிமென்ட் 50 கிலோ” என்று பெயர் வைத்து, படத்தையும் மாற்றச் சொல்லுங்கள். ஆறு புள்ளிகள் போட்ட பிடி பல இடங்களில் இருக்கிறது. மெனுவின் மூன்று கோட்டுக்குக் கீழே “மெனு” என்று எழுத்தாகவே போட்டுவிடலாம். 1981-இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்த படம் அது. இத்தனை வருடம் கழித்தும் போனில் அதற்கு வழி சொல்ல நீங்கள் கஷ்டப்படுகிறீர்கள் என்றால், படத்தை மட்டும் நம்பியிருப்பதுதான் காரணம்.

---

கணினிமைய_அக்கா:

மேலே இருவரும் சொன்னது பக்கத்தைச் செய்பவர்களுக்கானது. போனில் பேசுபவருக்கு நான் சொல்கிறேன் தம்பி. ஊரில் சிறிய கணினி மையம் வைத்திருக்கிறேன். சான்றிதழ், பட்டா என்று விண்ணப்பம் போட வருபவர்கள், வீட்டுக்குப் போய் அவர்களாகவே முயன்று பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வார்கள். பெரியவர்கள்தான் அதிகம்.

நீங்கள் சொல்வதற்கு முன்னால் அவர்களைச் சொல்ல வையுங்கள். “இப்ப மேலே பெருசா என்ன எழுதியிருக்கு, படிங்க” என்று கேட்பேன். தலைப்பைப் படித்துவிட்டால் அவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும், பல பேர் நான் நினைத்த பக்கத்திலேயே இருக்க மாட்டார்கள். அவர் எதை எந்தப் பெயரில் சொல்கிறாரோ அதே பெயரைத்தான் அந்தப் போன் முடியும்வரை நானும் வைத்துக்கொள்வேன். ஒருவர் டிராப்டவுனை “கீழ்ப்பாத்த அம்பு” என்றால் எனக்கும் அது கீழ்ப்பாத்த அம்புதான். நடுவில் பெயரை மாற்றினால், இது வேறு ஏதோ ஒன்று என்று நினைத்துத் தேட ஆரம்பித்துவிடுவார்.

ஒவ்வொரு அடிக்கும் பிறகு என்ன தெரிய வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். “‘அடுத்து’ன்னு இருக்கறதைத் தொடுங்க, தொட்டா ஒரு வெள்ளைப் பெட்டி வரும், அதுல மேலே ‘முகவரி’ன்னு இருக்கும். வந்துச்சா?” வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். இப்படிக் கேட்காமல் நாலு அடி வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனால், எந்த அடியில் வழி மாறினார் என்று நமக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

மூன்று புள்ளி விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஆண்ட்ராய்டு செல்போன் குரோமில் மேலே வலப்பக்கம் உலாவிக்கே சொந்தமான மூன்று புள்ளி ஒன்று இருக்கிறது. அதற்குச் சற்றுக் கீழே, உங்கள் பக்கத்துக்குள், இன்னொரு மூன்று புள்ளி இருக்கும். “மேலே வலது மூலையில் மூணு புள்ளி” என்றால் பத்துக்கு எட்டுப் பேர் உலாவியுடையதைத்தான் தொடுவார்கள். “புதிய டேப்”, “வரலாறு” என்று வந்ததும் பயந்துபோய் எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள். அதனால் நான் முதலில் “இணைய முகவரி எழுதியிருக்கற பட்டைக்குக் கீழே பாருங்க” என்று எல்லை போட்டுவிடுவேன். அப்புறம்தான் மற்றது. உங்கள் ஏஐக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும், அதற்குப் பக்கம் மட்டும்தான் தெரியும், பக்கத்தைச் சுற்றி இருப்பது தெரியாது.

இன்னொன்று, செல்போனில் எதையாவது தட்டச்சு செய்துகொண்டிருந்தால் கீபோர்டு எழும்பி அடியில் இருக்கும் பட்டனை மறைத்துக்கொள்ளும். “சேமி பட்டனே இல்லை” என்று யாராவது சத்தியம் செய்தால், கீபோர்டு மேலே இருக்கிறதா என்று கேளுங்கள்.

---

பில்_மேசை:

மூவருக்கும் ரொம்ப நன்றி. செவிவழி சொன்னதைப் படித்துவிட்டு உடனே எங்கள் பக்கத்தில் தமிழ்த் திரையை வைத்துப் பார்த்தேன். சேமி, அச்சிடு, தேடு எல்லாவற்றுக்கும் உள்ளே ஆங்கிலப் பெயர்தான் இருக்கிறது. ஏஐ ஏன் திரையில் இல்லாத பெயர்களைச் சொல்கிறது என்பது இப்போதுதான் புரிகிறது. அதற்கு இன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டேன்.

இரண்டு சந்தேகம் மட்டும். ஒன்று, எல்லாவற்றின் மேலும் எண் போட்டுவிட்டால் எளிதாக இருக்காதா? “7-ஐ அழுத்துங்கள்” என்றால் யாருக்கும் குழப்பம் வராதே. இரண்டு, ஏஐ வாயால் சொல்வதற்குப் பதிலாகப் பட்டனையே சுட்டிக் காட்ட முடியுமா? அது இருப்பது எங்கள் பக்கத்துக்குள்தானே.

---

செவிவழி:

எண் போடுவது நல்ல வழிதான், பழகிய வழியும்கூட. ஐபோனின் குரல் கட்டுப்பாட்டில் 2019 முதல், தொடக்கூடிய எல்லாவற்றின் மேலும் எண் வரவைத்து, எண்ணைச் சொல்லி அழுத்தலாம். ஆண்ட்ராய்டின் குரல் கட்டுப்பாடான வாய்ஸ் ஆக்சஸிலும் உண்டு. 2023-இல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் படத்தின் பகுதிகள் மேல் எண்களை எழுதி, படம் பார்க்கும் ஏஐ மாடலான ஜிபிடி-4வியிடம் கொடுத்தபோது, எதைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பதை அது இன்னும் சரியாகப் பிடித்துக்கொண்டது. ஆனால் அந்த எண் அந்த நிமிடத்துக்கு மட்டும்தான். கடைக்காரர் ஒரு பொருளைச் சேர்த்தால் ஏழு எட்டாகிவிடும். உதவிப் பக்கத்தில் “7-ஐ அழுத்துங்கள்” என்று எழுதி வைக்க முடியாது. நேரடியாகப் பேசிக்கொண்டிருக்கும்போது எண், எழுதி வைப்பதற்குப் பெயர்.

---

முன்புறத்தான்:

சுட்டிக் காட்ட முடியும். அதுதான் சரியான வழி என்றே நினைக்கிறேன். ஏஐ பதில் சொல்லும்போது வகையையும் பெயரையும் கொடுத்தால், உங்கள் பக்கத்தின் ஸ்கிரிப்ட் அந்த உறுப்பைத் தேடி, திரைக்குள் கொண்டுவந்து, சுற்றிலும் ஒரு கோடு போடலாம். செல்போனா கணினியா என்ற கேள்வியே எழாது. அதே பெயரில் இரண்டு கிடைத்தால் எதையும் காட்டாமல் “முகவரிக்கா, பில்லுக்கா?” என்று திருப்பிக் கேட்க வையுங்கள். அதோடு, கேள்வி வரும்போது பயனர் இருக்கும் பக்கம், திரை அகலம், மொழி இந்த மூன்றையும் மாடலுக்குச் சேர்த்து அனுப்புங்கள். இப்போது உதவிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பதில் சொல்கிறது, அவர் எதிரே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது.

---

செவிவழி:

ஒரு வேண்டுகோள். கோடு மட்டும் போட்டால் எனக்குத் தெரியாது, கீபோர்டு ஃபோகஸையும் (விசை அழுத்தினால் எந்த உறுப்பு இயங்குமோ அந்த நிலையை) அங்கே கொண்டுபோனால் எனக்கும் கேட்கும். ஆனால் கேட்காமல் கொண்டுபோகாதீர்கள். பதிலைப் பாதி கேட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தின் வேறு மூலைக்கு இழுத்துப் போட்டால் எங்கே இருக்கிறேன் என்றே தெரியாமல் போகும். பதிலின் கடைசியில் “அங்கே கொண்டுபோ” என்று ஒரு பட்டன் வையுங்கள். நானே அழுத்திக்கொள்கிறேன்.

---

பில்_மேசை:

சரி, அப்படியே சொல்கிறேன். டிக்கெட்டை இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

“பக்கம்: புதிய பில். செல்போன், குரோம், தமிழ்த் திரை. ‘வாடிக்கையாளர் முகவரி’ உரையாடல் பெட்டிக்குள் உள்ள ‘சேமி’ பட்டன் வேலை செய்யவில்லை. பில்லின் அடியில் உள்ள ‘சேமி’ சரியாக இருக்கிறது.”

---

முன்புறத்தான்:

இதைக் கொடுத்தால் எந்தச் சேமி என்பதில் எனக்கோ ஏஐக்கோ சந்தேகமே வராது. “வேலை செய்யவில்லை” என்பதை மட்டும் பிரித்து எழுதுங்கள். பட்டன் மங்கலாக, அழுத்தவே முடியாமல் இருக்கிறதா? அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லையா? பெட்டி மூடிக்கொண்டு, திரும்பத் திறந்தால் பழைய முகவரியே இருக்கிறதா? மூன்றும் மூன்று வேறு பிழைகள், மூன்று வேறு இடத்தில் தேட வேண்டும்.

---

பில்_மேசை:

கடைக்காரரிடம் கேட்டுவிட்டேன். மங்கலாகத்தான் இருக்கிறதாம். பின்கோடு பெட்டியை நிரப்பியதும் தெளிவாகிவிட்டதாம். பின்கோடு கட்டாயம் என்று அந்தப் பெட்டியில் எங்கேயும் எழுதவில்லை. டிக்கெட்டை அப்படி மாற்றிவிட்டேன்.